ஏழு கிணறும் ஒரு சூடும்

மூன்று வருடமாக ஒரே ஒரு சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். அப்படியொன்றும் அருஞ்சொல் இல்லை. சூடு. தேத்தண்ணியில் இல்லையென்றால் குறைப்படுவோம், பிள்ளையின் நெற்றியில் இருந்தால் பயப்படுவோம், பப்பாசிப்பழம் கூடச் சாப்பிட்டால் வரும் என்று அம்மா சொல்லுவா. நான் படிப்பிப்பது புள்ளிவிபரவியல். சொற்களோடு எனக்குப் பெரிய கொடுக்கல் வாங்கல் கிடையாது. எண்ணாக மாற்றித் தந்தால் வாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான். அப்படி வாங்கப் போன இடத்தில்தான் இந்தச் சொல் காலை வாரிவிட்டது.

தொடங்கியது ஒரு ஆய்வில். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே தேவையில்லை, எங்கேயும் நடந்திருக்கக்கூடிய கதைதான். திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பல துறைக்காரர்கள் சேர்ந்து ஆராய்வது என்று ஒரு முன்மொழிவு எழுதினோம். தலைப்பு மட்டும் இரண்டரை வரி. அதற்குள் பல்துறை என்ற சொல் இரண்டு தரம் வந்தது. நிதி கொடுக்கிறவர்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு மயக்கம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் நான்கு பேர். தண்ணீரைப் பரிசோதிக்க ஒரு இரசாயனக்காரர், சித்த மருத்துவம் படிப்பிக்கும் ஒரு வைத்தியர், கதைகளையும் சடங்குகளையும் சேகரிக்கத் தமிழ்த்துறையில் இருந்து ஒரு தற்காலிக விரிவுரையாளர், எண்ணுவதற்கு நான். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் வழி காட்டும் பொறுப்பும் எனக்கே வந்தது. வழி என்ன பெரிய வழி, அநுராதபுர வீதியில் போய்த் திரும்பவேண்டியதுதான்.

கன்னியாவைச் சுற்றி வேறு சண்டைகள் உண்டு. அது யாருடைய இடம், யார் கட்டினார்கள், யார் பூட்டுகிறார்கள் என்பதெல்லாம் இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எங்கள் மேசையில் தொல்லியல்காரர் ஒருவரும் இல்லை. ஏன் இல்லை என்று அந்த நாளில் நாங்களும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் பல்துறை என்ற சொல்லின் முதல் பொய் அங்கேயே இருந்தது. கூப்பிட வசதியான துறைகளைத்தான் கூப்பிட்டிருந்தோம்.

தொடக்கக் கூட்டத்தில் ஒருவர் அழகாகப் பேசினார். துறை என்றால் தமிழில் இறங்குமிடம். ஆற்றில் வண்ணான் துறையும் உண்டு, ஓடத்துறையும் உண்டு, நீர் ஒன்றுதான். துறைமுக நகரத்தில் இருந்துகொண்டு நாம் துறைகளைப் பிரிக்கலாமா என்றார். கைதட்டினோம். பிறகு சோற்றுப் பார்சலை வாங்கிக்கொண்டு அவரவர் துறைக்குப் போய்விட்டோம். அடுத்த பத்து மாதம் நடந்ததெல்லாம் அதுதான். இரசாயனக்காரர் தன் அத்தியாயத்தை எழுதினார், வைத்தியர் தன் அத்தியாயத்தை எழுதினா, நான் என் அட்டவணைகளைப் போட்டேன். எல்லாம் ஆங்கிலத்தில். ஒரே கோப்பில் ஆளுக்கொரு நிறம். ஒருவர் நிறத்தில் மற்றவர் கைவைக்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டோம்.

ஒன்பதாம் கேள்வி

என் வேலை வினாக்கொத்து. குளித்துவிட்டு வருகிறவர்களிடம் கேட்பது. எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனையாவது தரம், எதற்காக, இப்படிப் போய் எட்டாம் கேள்வியில் எந்தக் கிணறு ஆகச் சூடு என்று கேட்டிருந்தேன். கிணறுகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை இலக்கம். ஒன்பதாவது இரண்டு பகுதி. தண்ணீரின் சூடு எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்துவரை அடையாளமிடவும். குளித்தபின் உங்கள் உடலில் சூடு கூடியதா, குறைந்ததா, மாறவில்லையா. கேட்கும்போது இதில் என்ன சிக்கல் இருக்கப்போகிறது என்றுதான் தோன்றியது.

தாள்கள் வந்து சேர்ந்ததும் தலை சுற்றியது. தண்ணீருக்கு ஐந்து போட்டவர்களே அடுத்த வரியில் உடல் சூடு குறைந்தது என்று போட்டிருந்தார்கள். ஒருவர் இருவர் என்றால் பேனை தவறியது என்று விடலாம். கட்டுக் கட்டாக அப்படி. எட்டாம் கேள்வி அதைவிட மோசம். ஆகச் சூடான கிணறு எது என்றதற்கு ஏழு கிணறுகளுக்கும் வாக்குகள் சிதறிக் கிடந்தன, வெப்பமானி சொன்ன வரிசைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எங்கள் தொழிலில் இதற்கெல்லாம் ஒரு நல்ல பெயர் இருக்கிறது, தரவைத் துப்புரவு செய்வது. முன்னுக்குப் பின் முரணான தாள்களை எடுத்துத் தனியாக ஒரு கட்டாகக் கட்டி, மேலே சிவப்புப் பேனையால் முரண் என்று எழுதி அலுமாரிக்குள் வைத்தேன். எட்டாம் கேள்வியை முழுதாகவே தூக்கிவிட்டேன். அறிக்கையில் ஒரு வரி மட்டும் எழுதினேன், பதிலளித்தோருக்கு வெப்பத்தை ஒப்பிடும் திறன் குறைவு என்று. அந்த வரியை இன்று வாசித்தால் காது சிவக்கிறது.

இத்தனைக்கும் அந்தக் கிணற்றடியில் நானே நின்றிருக்கிறேன். அநேகமாக ஆறு தரம். போகாதவர்கள் பெரிய ஆழ்கிணறுகளைக் கற்பனை செய்யவேண்டாம். இடுப்பளவு ஆழம்கூட வராத சின்னச் சதுரத் தொட்டிகள் போல, ஏழும் ஒரே மதிலுக்குள், கிட்டக் கிட்ட. குனிந்து வாளியால் அள்ளலாம், அடி தெரியும். விடிய ஆறரைக்குப் போனால் சனம் குறைவு, சீமெந்துத் தரை ஈரமாக, வெறுங்காலுக்கு இதமாக இருக்கும். ஏழு தண்ணீரும் 40 பாகை செல்சியஸைச் சுற்றித்தான், ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சம் கூடிக் குறைந்து. நாட்டின் வேறு வெந்நீர் ஊற்றுகளோடு பார்த்தால் இது சாது. மகா ஓயாவில் 50 பாகையைத் தாண்டும், அப்படியே மேலில் ஊற்ற முடியாது.

ஏன் சூடு என்பதற்கு இரசாயனக்காரரின் அத்தியாயத்தில் நல்ல விளக்கம் இருந்தது. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர்தான் பாறைப் பிளவுகள் வழியாகக் கீழே இறங்குகிறது. ஆழம் போகப்போக, கிலோமீற்றருக்கு இருபத்தைந்து முப்பது பாகை என்று பூமி சூடேறிக்கொண்டே போகும். அங்கே காய்ந்த தண்ணீர் வேறொரு பிளவு வழியாக வேகமாக மேலே வருகிறது. நாட்டின் ஊற்றுகள் பெரும்பாலும், புவிச்சரிதவியல்காரர்கள் உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்று பிரிக்கிற இரண்டு பழம்பாறைத் தொகுதிகளின் எல்லையை ஒட்டித் தெற்கிலிருந்து திருகோணமலை வரை கோடு போட்டாற்போல இருக்கின்றன. தண்ணீரில் கரைந்திருக்கிற சிலிக்காவை அளந்தால் அது கீழே எவ்வளவு காய்ந்தது என்று கணக்குப் போடலாம், ஏனென்றால் சூடு கூடக்கூடச் சிலிக்கா கூடக் கரையும். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. மேலே வந்து ஆறிய பிறகும், தான் எவ்வளவு சூட்டில் கிடந்தேன் என்பதைத் தண்ணீர் மறக்கவில்லை.

அவர் மாதிரி எடுக்கிற விதம் பார்க்க வேண்டியது. பிளாஸ்ரிக் போத்தலைத் திறந்து, எடுக்கப்போகிற அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அலசி வெளியே கொட்டுவார். மறுபடி அலசிக் கொட்டுவார். மூன்றாம் தரமும். பிறகுதான் நிரப்புவார். போத்தலில் முன்பு ஒட்டியிருந்தது எதுவும் மாதிரியில் கலக்கக்கூடாது என்பதற்காக. உலோகங்களுக்கு எடுக்கிற போத்தலில் மட்டும் பிறகு இரண்டு துளி அமிலம். ஒவ்வொரு கிணற்றிலும் இதே வரிசை, ஒரு சொல் பேசாமல். ஒருநாள் விடிய, தம்பலகாமத்தில் இருந்து கணவரின் அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, வந்த ஒரு அம்மா தலையில் ஈரம் சொட்டச் சொட்ட நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஐந்தாவது கிணற்றில் கேட்டே விட்டா.

"தம்பி, உங்களுக்கும் மூண்டு தரமோ?"

அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அம்மாவோடு வந்தவர்கள் ஒவ்வொரு கிணற்றிலும் மூன்று வாளி அள்ளி ஊற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நல்ல பகிடி என்று அன்று பின்னேரம் கன்டீனில் எல்லோருக்கும் சொன்னேன். தமிழ்த்துறைத் தங்கச்சி மட்டும் சிரிக்காமல் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தா. அவ எழுதாத நேரமே இல்லை, அதனால் என்ன எழுதுகிறா என்று ஒருவரும் கேட்டதில்லை.

இரண்டு பக்கம்

ஆங்கில அறிக்கை முடிந்தது. நூற்றுச் சொச்சம் பக்கம், நான்கு அத்தியாயம், ஒரு சண்டை இல்லை. நிபந்தனைகளில் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. ஆய்வின் சாரத்தை ஊர்ச் சனத்துக்குத் தமிழில் இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரமாகக் கொடுக்கவேண்டும். அதை ஒரு மணித்தியால வேலை என்று போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கூடினோம். பிளேன்ரியும் வடையும் எடுத்து வைத்திருந்தது.

முதல் பந்தியிலேயே நின்றுவிட்டோம். இந்த நீரின் சூடு ஏறத்தாழ 40 பாகை என்று நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதினா. சூடு இல்லை, வெப்பநிலை என்று போடவேண்டும் என்றார் இரசாயனக்காரர். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு, சூடு என்பது விஞ்ஞானச் சொல்லே இல்லை. சரி, நியாயம்தான். வெப்பநிலை ஆயிற்று. அடுத்தது வைத்தியரின் வசனம். குளித்தால் சூடு தணியும். அவ்வளவுதான் வசனம். இரசாயனக்காரர் பேனையைக் கீழே வைத்தார்.

"டொக்டர், மனிசன்ர உடம்பு 37. தண்ணி 40. மேலில ஊத்தினா வெப்பம் தண்ணியில இருந்து உடம்புக்குத்தான் போகும். இதென்னெண்டு தணியும்?"

"நான் உங்கட 37ஐச் சொல்லேல்லை சேர். அழலைச் சொல்லுறன், பித்தத்தை. வளி, அழல், ஐயம் எண்ட மூண்டில ஒண்டு. சனிக்கிழமை எண்ணெய் வைச்சு வெந்நீரில முழுகினா சூடு தணியும் எண்டு உங்கட அம்மா சொல்லித்தானே வளர்த்திருப்பா? அப்ப அவ பிழையோ?"

"அம்மாவை ஏன் இழுக்கிறியள்?"

வடை ஆறிக்கொண்டிருந்தது. வைத்தியர் விடவில்லை. நீரை எல்லாம் ஒன்றாகப் பார்ப்பது உங்கள் பழக்கம், எங்களுடையது அப்படி இல்லை, பதார்த்த குண சிந்தாமணியில் மழைநீருக்கு ஒரு குணம், ஆற்று நீருக்கு ஒரு குணம், சுனைநீருக்கு ஒரு குணம் என்று தனித்தனியே பாடியிருக்கிறது, அதில் எங்கே பாகைக்கணக்கு இருக்கிறது என்றா. அவர், அளக்க முடியாததை ஒரு துண்டுப்பிரசுரத்தில் போட்டால் நாளைக்கு யாரும் காய்ச்சலோடு வந்து குளிப்பான், அதற்கு யார் பொறுப்பு என்றார். அதுவும் சின்ன விஷயம் இல்லை. இருவரும் பத்து மாதமாக ஒரே கோப்பில் எழுதியவர்கள். ஒருவர் அத்தியாயத்தை மற்றவர் வாசித்தும் இருந்தார்கள். ஆனால் ஆங்கிலத்தில் அவர் ஒரு சொல்லைப் போட்டிருந்தார், இவ வேறொரு சொல்லைப் போட்டிருந்தா, நான் மூன்றாவது ஒன்றை. மூன்று சொல்லும் மூன்று அறையில் இருந்ததால் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளவில்லை. தமிழுக்கு வந்ததும் மூன்று பேரும் ஒரே சொல்லுக்குக் கையை நீட்டினோம். அந்த நூற்றுச் சொச்சம் பக்கத்தில் நடக்காத ஆய்வு அந்தப் பின்னேரம்தான் நடக்கத் தொடங்கியது என்று எனக்கு இப்போது படுகிறது.

அன்று அப்படிப் படவில்லை. எனக்கு உள்ளுக்குள் வேறு நடுக்கம். தண்ணீர் சூடு, குளித்தால் சூடு குறையும். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன தாள்களைத்தானே சிவப்புப் பேனையால் எழுதிக் கட்டி வைத்தேன்? நான் முரண் என்று ஒதுக்கியது, பக்கத்து நாற்காலியில் இருக்கிற வைத்தியரின் பாடத்திட்டம். அவவிடம் அந்தக் கட்டை ஒருதரம் காட்டியிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பா. காட்டவில்லை. என் நிறத்தில் அவ கைவைக்கவில்லை, அவ நிறத்தில் நான் கைவைக்கவில்லை.

இந்த இடத்தில் விபுலாநந்த அடிகளின் நினைவு வராமல் போகாது. காரைதீவில் பிறந்தவர், எங்கள் ஊர் இந்துக் கல்லூரிக்கும் அதிபராக இருந்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அண்ணாமலையிலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். 1947இல் பழந்தமிழ் இசையை ஆராய்ந்த அவருடைய யாழ் நூல் வந்தபோது அதில் சிலப்பதிகார வரியும் நரம்பு நீளத்தின் பின்னக் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. குரல் என்ற சுரத்துக்கு இளி என்ற சுரம் எங்கே நிற்கிறது என்றால் மூன்றுக்கு இரண்டு என்று விகிதம் வரும். இளி என்ற சொல்லை ஒரு துறையும் விகிதத்தை இன்னொரு துறையும் வைத்திருந்தால் அந்தப் புத்தகம் வந்தேயிராது. விழாக்களில் அவரை நாங்கள் பல்துறை அறிஞர் என்று சொல்லி மாலை போடுகிறோம். ஆனால் அவருக்கு வாய்த்தது நான்குபேர் குழு இல்லை. ஒரே தலைக்குள் சண்டை நடந்தது, அதுவும் தமிழில் நடந்தது. கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கியதை, தமிழ்ப்பற்று என்று மட்டும் இவ்வளவு நாளும் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. கணக்கையும் பாட்டையும் ஒரே வாயால் சொல்ல முயன்ற ஒருவருக்குச் சொல் போதாமல் போயிருக்கும், அவ்வளவுதான் காரணமோ என்னவோ.

எங்களுக்கோ அப்படித் தலை இல்லை. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு மேசையும் ஆறிய வடையும்தான்.

வாளி வரிசை

சண்டை களைத்துப்போன ஒரு இடைவெளியில் தங்கச்சி கொப்பியைத் திறந்தா. மூதூர்ப் பக்கத்துப் பிள்ளை. குழுவில் வயதில் குறைந்தவ, அதைவிட முக்கியம், தற்காலிகம். பல்கலைக்கழகத்தில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு என்ன எடை என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். கூட்டங்களில் குறிப்பெடுக்கிறது, தேத்தண்ணிக்குச் சொல்கிறது. அவவின் அத்தியாயத்தை எங்கள் அறிக்கையில் கடைசியில் போட்டிருந்தோம். இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க வாளால் குத்தக் கிணறுகள் வந்த கதை, திருமால் கிழவனாக வந்து ஊன்றுகோலால் குத்தியதாகச் சொல்லும் மற்றக் கதை, இவ்வளவும் எட்டுப் பக்கத்தில். வாசிக்க இனிமையாக இருக்கிறது என்று பாராட்டியும் இருந்தோம்.

"சேர், அவை ரெண்டையும்தான் சொல்லுறவை" என்றா. அந்தத் தம்பலகாமத்து அம்மா சொன்னதை எழுதி வைத்திருந்தா. வாசித்தா. "தண்ணி சுடுதுதான் மகள். ஏழும் முடிய, உள்ளுக்க கிடந்த சூடு இறங்கினமாதிரிக் கிடக்கு. முப்பத்தொரு நாளா நித்திரை இல்லை." வைத்தியர் இரசாயனக்காரரைப் பார்த்தா. அவர் மேசையைப் பார்த்தார். இது வளி அழல் ஐயத்துக்குள்ளும் முழுதாக அடங்காத ஏதோ ஒன்று என்று வைத்தியருக்கும் அந்த நேரம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை.

நான் வேறொன்றைக் கேட்டேன். ஆகச் சூடான கிணறு எது என்று யாரும் உங்களிடம் சொன்னார்களா?

"எல்லாரும் சொன்னவை சேர். முதல் வாளி ஊத்தின கிணறுதான் ஆகச் சூடு எண்டு."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. தங்கச்சி பக்கங்களைப் புரட்டினா. கிணறுகளை ஏழு சிறு கட்டங்களாகக் கீறி, அம்புக்குறி போட்டிருந்தா. சடங்குக்கு வருகிற குடும்பங்களில் ஒரு பெரியவர் எங்கே தொடங்கச் சொல்கிறாரோ அங்கே தொடங்கி வரிசையாகப் போகிறார்கள், நடுவில் ஒன்றை விட்டுவிட்டுப் போவதில்லை. சுற்றுலா வருகிறவர்கள் எது காலியோ அதில் தொடங்குகிறார்கள். பொடியன்கள் கும்பலாக வந்தால் வாசலுக்குக் கிட்ட இருப்பதில். பக்கம் பக்கமாக அம்புக்குறிகள். சடங்கின் வரிசையை எழுதுவது அவவின் துறைக்குப் பாலபாடம். எங்கள் மூன்று பேருக்கும் அது தோன்றவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்திருப்போம். ஒரு கையைக் குளிர்ந்த தண்ணீரிலும் மற்றதைச் சுடுநீரிலும் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு இரண்டையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால், ஒரு கை சுடுகிறது என்னும், மற்றது குளிர்கிறது என்னும். தோல் அளப்பது வெப்பநிலையை அல்ல, மாற்றத்தை. விடியக் குளிரில் வந்து நிற்கிற உடம்பில் விழுகிற முதல் வாளி சுடத்தான் செய்யும். ஏழாவது வாளிக்குள் உடம்பு பழகிவிடும். ஆக, என் எட்டாம் கேள்விக்கு வந்த பதில்கள் சிதறிக் கிடந்ததற்குச் சனத்தின் திறன் குறைவு காரணம் இல்லை. அவர்கள் கிணற்றின் கதையைச் சொல்லவில்லை, தங்கள் வாளி வரிசையைச் சொல்லியிருந்தார்கள். அந்த வரிசையைக் கேட்க என் வினாக்கொத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. நிரூபித்துவிட்டேன் என்று சொல்லவரவில்லை. நிரூபிக்கிறதற்கு வேண்டிய ஒரே நிரலை நான் விட்டுவிட்டேன் என்பதுதான் விஷயம். தாள்களில் பெயர் இல்லாததால் திரும்பிப் போய்க் கேட்கவும் வழியில்லை.

இரசாயனக்காரர் மெதுவாக, "நான் வெப்பமானி வைக்கிறதும் ஒன்றில இருந்து ஏழு எண்டுதான்" என்றார். கருவி பழகிப்போகாது என்று நான் சொன்னேன். இல்லை, அதைச் சொல்லவில்லை, போத்தலை ஏன் மூன்று தரம் அலசுகிறேன் என்று யோசித்தேன் என்றார். முன்னால் இருந்தது கலக்கக்கூடாது என்று கருவிக்குப் பார்த்தோம், ஆளுக்குப் பார்க்கவில்லை. அவர் பொதுவாக இப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. வைத்தியர் வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தா.

துண்டுப்பிரசுரம் இரவு எட்டு மணிக்கு முடிந்தது. வெப்பநிலை என்ற சொல் ஒரு இடத்தில் எண்ணோடு நின்றது. அதற்குக் கீழே, தண்ணீர் சூடானது, குளித்தால் சூடு தணியும் என்பது இங்கு வருகிறவர்களின் அனுபவம், இவை இரண்டும் வேறு சூடு என்று ஒரு வசனம். காய்ச்சல்காரரும் இருதய நோயாளரும் முதலில் வைத்தியரிடம் கேட்கவேண்டும் என்பதை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். இராவணன் கதையும் மழைநீர் விளக்கமும் பக்கத்துப் பக்கத்தில், எது மேலே என்ற பேச்சு வராமல் இருக்க. நகரில் அச்சகத்துத் தம்பி திங்கட்கிழமை தொலைபேசி எடுத்தார். "சேர், ஒரே வரியில சூடு எண்டு திரும்பத் திரும்ப வந்திருக்கு. ஒண்டை வெட்டவா?" வெட்டவேண்டாம் என்று சொல்லவேண்டி இருந்தது. மனமில்லாமல்தான் அடித்துத் தந்தார்.

இது நடந்து நாளாயிற்று. அறிக்கையில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது, ஒப்பிடும் திறன் குறைவு. கொடுத்து முடிந்த அறிக்கையைத் திரும்ப வாங்கித் திருத்துகிற வழக்கம் எங்கும் இல்லை. வாளி வரிசையைச் சேர்த்துப் புதிதாக ஒரு கணக்கெடுப்புச் செய்து, நால்வரும் ஒரு கட்டுரை எழுதுவது என்று பேசியிருக்கிறோம். பேசி, நின்றுபோயிருக்கிறோம். யாருடைய பெயர் முதலில் வருவது? பதவி உயர்வுக்குப் புள்ளி எண்ணும்போது முதல் பெயருக்கு இருக்கிற மதிப்பு மற்றப் பெயர்களுக்கு இல்லை. அதுவும் வேறு துறைச் சஞ்சிகையில் வந்த கட்டுரை என்றால் அவரவர் துறையில் அதை எப்படிக் கணக்கெடுப்பார்கள் என்று இன்னொரு கவலை. தங்கச்சியின் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று நான் சொன்னேன். இரசாயனக்காரர் மறுக்கவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த வருடம் நேர்முகப் பரீட்சை.

தங்கச்சியின் ஒப்பந்தம் இதற்கிடையில் முடிந்துவிட்டது. இப்போது மூதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறா. பெயர் வரிசையைப் பற்றி வாட்ஸப்பில் நீளமாக எழுதிக் கேட்டிருந்தேன். அதற்கு ஒன்றும் சொல்லாமல், பழைய கொப்பியின் அம்புக்குறிப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பியிருந்தா. கீழே ஒரு வரி: "சேர், ஆடி அமாவாசைக்குச் சனம் கூட வரும். அதுக்கு முதல் ஒரு சனிக்கிழமை வந்தியளெண்டால் எங்க நிண்டு எண்ணுறதெண்டு பாத்து வைப்பம்."